நண்டுக்காரனுக்கு லத்தீன் தெரியும்

தேங்காயில் தண்ணீர் ஆடுகிறதா என்று பார்ப்பதுபோல, கொஞ்சு சிஸ்டர் ஒரு நண்டைக் காதோரம் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

ராயபுரத்தில் கன்னியர் மடத்துச் சமையற்கட்டின் பின்வாசல். காலை வேளை. ரயில்வே பக்கமிருந்து கரிப்புகை, கடல் பக்கமிருந்து உப்புக் காற்று, நடுவில் நான். கையில் துவைத்த கட்டுத்துணிக் கூடை. மடத்து மருந்தகத்தில் புண் துடைப்பதும், கட்டுத்துணி சுருட்டுவதும், சிஸ்டர் பேசுவதை நோயாளிக்கும் நோயாளி பேசுவதைச் சிஸ்டருக்கும் புரியவைப்பதும் என் வேலை. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருக்கும். சரியான வருஷத்தைக் கேட்காதீர்கள், எனக்கு நண்டு ஞாபகமிருக்கிற அளவுக்கு வருஷம் ஞாபகமில்லை.

"மகனே மிக்கேல், இவைகள் வெறுமையாய் இருக்கின்றனவே! உமக்குத் தேவபயம் இல்லையோ?" என்றார் சிஸ்டர்.

வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்த மிக்கேல் எண்ணூர்க்காரன். கழிமுகத்தில் நண்டு பிடித்து, விடிந்ததும் சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு திருவொற்றியூர் வழியாக மடத்துக்கு வந்துவிடுவான். புதிதாக ஓடு மாற்றிய நண்டில் சதை இருக்காது, தண்ணீர்தான் இருக்கும் என்பது எண்ணூர்க் குழந்தைக்கும் தெரியும். அன்றைக்குக் கூடையில் இருந்தது அத்தனையும் அந்த மாதிரி நண்டு. ஆள் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான்.

அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இன்னா சிஸ்டர் இப்டி கேட்டுட்ட? தவசு காலம் நடக்குது. ஊரே ஒருசந்தி இருக்குது. நண்டு மட்டும் துன்னுகினே இருக்குமா?"

நான் அதைச் சிஸ்டருக்குப் புரிகிற தமிழில் மாற்றினேன். "நண்டுகளும் உபவாசம் இருக்கின்றனவாம், சிஸ்டர்."

சிஸ்டர் சிரித்த சிரிப்பில் தலைமுக்காடு நழுவிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனைக் காட்டி என்னிடம் ஸ்பானிய மொழியில் சொன்னார்: "எஸ்தே சாபே லத்தீன்!"

சொல்லிவிட்டுக் கூடையோடு அத்தனை வெற்று நண்டையும் வாங்கிக்கொண்டார்.

சிஸ்டரின் தமிழ்

அவருடைய முழுப் பெயர் கொன்செப்சியோன். ராயபுரத்து வாய்க்கு அது அடங்கவில்லை. ஒரே வாரத்தில் 'கொஞ்சு சிஸ்டர்' ஆகிவிட்டார். எங்கள் தெருவில் பாதிப் பேர் ஸ்பெயின் என்பது ரோமாபுரியில் ஒரு பேட்டை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சிஸ்டர் தமிழ் கற்றது பழைய ஞானோபதேசப் புத்தகத்திலிருந்து. அதனால் ரிக்‌ஷாக்காரரைக்கூட "வாரும், அமரும், எவ்விடம் போகிறீர்?" என்றுதான் கேட்பார். ஒருமுறை தெரு நாயைப் பார்த்து "அப்பாலே போம்" என்றார். அது போயும்விட்டது.

பதிலுக்கு நானும் அவர் மொழியில் நாலைந்து சொல் பொறுக்கி வைத்திருந்தேன். 'எஸ்தே' என்றால் இவன். 'சாபே' என்றால் தெரியும். அது எனக்கு மறக்கவே மறக்காது, ஏனென்றால் நான் மருந்துப் புட்டியை மாற்றி வைக்கும்போதெல்லாம் "பிலோமினா நோ சாபே" என்று தலையில் அடித்துக்கொள்வார். மிச்சமிருப்பது லத்தீன். அதற்கு அகராதி வேண்டாம், கோயிலில் தினமும் கேட்கிறோம்.

ஆக, இவனுக்கு லத்தீன் தெரியும். மூன்று சொல்லையும் சரியாகத்தான் மொழிபெயர்த்தேன். வினையே அங்கேதான்.

நைனாவின் பாஷை

என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். பெயர் சவரிமுத்து. துறைமுகத்தில் கயிற்றுக் கிடங்கில் வேலை. வாரத்தில் ஆறு நாள் சணல் வாசனை, ஏழாம் நாள் சாம்பிராணி வாசனை. முப்பது வருஷமாக எங்கள் கோயில் மேல்மாடத்தில் நின்று லத்தீன் பூசைப் பாட்டு பாடியவர். தெருவில் 'லத்தீன் சவரி' என்றால்தான் தெரியும்.

அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதில் லத்தீன் முழுவதும் தமிழ் எழுத்தில் இருக்கும். அதை வீட்டில் யாரும் தொடக்கூடாது. கை கழுவிவிட்டு அவர் மட்டும் தொடுவார்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கொண்டுவந்தார். "டாக்டருங்க லத்தீன்லதான் எழுதுவாங்களாம் சவரி. இன்னா போட்டுக்கீது பாரு." நைனா சீட்டைக் கையை நீட்டிப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு, "சாப்பாட்டுக்கு அப்பால மூணு வேளை" என்றார். வேறென்ன எழுதியிருக்கப் போகிறது? அந்த மனிதர் பிழைத்து எழுந்தார். நைனாவின் மதிப்பு அதற்கப்புறம் எங்கேயோ போய்விட்டது.

எனக்கும் அவரைப் பற்றிப் பெருமைதான். கப்பல், கயிறு, கடன் என்று பேசுகிற தெருவில், சாமி பேசுகிற பாஷை தெரிந்தவர் எங்கள் வீட்டில் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

பொங்கல் கழிந்த சமயத்தில் மிக்கேலின் அம்மா எண்ணூரிலிருந்து பூவும் பழமுமாகத் தட்டோடு வந்து என்னைப் பெண் கேட்டார். நைனா மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"பையன் நல்லவன்தான். ஆனா பூசையில கடைசியில நிக்கறான். பிரசங்கம் ஆரம்பிச்சா வெளிய பூட்றான். வாயத் தொறந்து சாமியாருக்கு ஒரு பதில் சொல்லத் தெரியல. நாளைக்கி கல்யாணப் பூசையில எம்பொண்ணு பக்கத்துல ஊமையாட்டம் நிப்பானா?"

"நண்டு நல்லா இருந்துச்சே" என்றாள் அம்மா.

நைனா மனத்தில் வேறொருவர் இருந்தார். கோயில் ஆர்மோனியக்காரர். வயது என்னைவிடப் பதினைந்து கூட. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் இருமுவார். ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் முழுக்க ஆர்மோனியத்தைத் துணி போட்டு மூடி வைத்திருந்ததால், அவர் சும்மா இருக்க முடியாமல் மாலைதோறும் எங்கள் வீட்டில் வந்து இருமிக்கொண்டிருந்தார். ஈஸ்டர் வந்ததும் முடிவு சொல்கிறேன் என்று நைனா அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

எனக்கு மிக்கேலைத்தான் பிடித்திருந்தது. ஏன் என்றால் சொல்கிறேன். மற்ற நண்டுகளுக்கு ஒரு கட்டுப் போடுவான். மடத்துக் கூடையில் என் கை படும் மேல்வரிசை நண்டுகளுக்கு மட்டும் இரண்டு கட்டுப் போட்டிருப்பான், என்னைக் கடித்துவிடக் கூடாது என்று. அதை அவன் சொல்லவில்லை. நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

இதெல்லாம் சேர்ந்துதான், அன்று வீட்டுக்குப் போனதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"நைனா, மிக்கேலுக்கு லத்தீன் தெரியுமாம். சிஸ்டர் சொன்னாங்க."

நைனா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "யாரு, கொஞ்சு சிஸ்டரா? அவங்க வாயாலயா?"

"எஸ்தே சாபே லத்தீன்னு சொன்னாங்க."

"சாபே லத்தீன்" என்று அவரும் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "கழிமுகத்துல கெடக்கறவனுக்கு யாரு சொல்லிக் குட்த்தாங்க?"

"நண்டு சொல்லிக் குட்த்துருக்கும்" என்றாள் அம்மா.

மறுநாள் சாயங்காலத்துக்குள் ஆர்மோனியக்காரருக்கு 'வேண்டாம்' என்று பதில் போய்விட்டது. 'லத்தீன் தெரிந்த மாப்பிள்ளை வருகிறார்' என்று பாட்டுக்காரர்கள் அத்தனை பேரிடமும் நைனா சொல்லிவிட்டார். என்னிடம், "குருத்தோலை ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சி வூட்டுக்கு வரச் சொல்லு. ரெண்டு வார்த்தை லத்தீன்ல பேசிப் பாக்கறேன்" என்றார்.

"இன்னா தெரியும்?"

பின்வாசலில் மிக்கேலிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் என் மூஞ்சியையே பார்த்தான்.

"எனக்கு இன்னா தெரியும்?"

"லத்தீன்."

"அது எங்க கீது?"

நேராகச் சிஸ்டரிடம் ஓடினேன். மருந்தகத்தில் கத்தரிக்கோலைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். நான் அழாத குறையாக விஷயத்தைக் கொட்டினேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பிலோமினா, கேள். எங்கள் ஊரிலே சகலரும் கோயிலில் லத்தீன் கேட்போம். ஒருவருக்கும் விளங்காது. விளங்குவது குரு, வக்கீல், வைத்தியர், இம்மூவருக்குத்தான். இம்மூவரையும் ஏமாற்ற ஏலாது. ஆகையால் ஒருவன் ஏமாறாதவனாகவும் வாய் சாமர்த்தியம் உள்ளவனாகவும் இருந்தால், இவன் லத்தீன் அறிவான் என்போம். என் தகப்பனார் வீட்டில் ஒரு கோவேறு கழுதை. தானியக் கிடங்கின் தாழ்ப்பாளைப் பல்லால் திறக்கும். அதுவும் லத்தீன் அறியும்."

"கில்லாடின்னு சொல்றீங்களா சிஸ்டர்?"

"கில்... லாடி" என்று அவர் அதை ருசி பார்த்தார். "ஆம். கில்லாடி."

"அப்ப லத்தீன்னா பாஷை இல்லையா?"

"பாஷைதான். லத்தீன் என்றால் பாஷை மாத்திரம். லத்தினோ என்றால் அந்தப் பாஷையிலிருந்து பிறந்த பாஷைகளைப் பேசும் மனிதன். பெண்ணானால் லத்தினா. நான் லத்தினா, ஆனால் எனக்கு லத்தீன் சொற்பம்தான் தெரியும். உன் மிக்கேல் லத்தினோ அல்ல, ஆனால் லத்தீன் அறிவான்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எங்க நைனா பாடறது?"

சிஸ்டர் யோசிக்காமல், "லத்தினாஹோ" என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். அரைகுறையாய்க் கிழிந்துபோன லத்தீனுக்கு அவர்கள் ஊரில் அப்படிப் பெயராம். "ஆனால் உன் தகப்பனார் பாடும்போது எனக்கு என் ஊர்க் கோயில் ஞாபகம் வருகிறது. அங்கும் அப்படித்தான் பாடுவார்கள்" என்று என் கன்னத்தைத் தட்டினார்.

அந்தச் சொல்லை நைனாவிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. இப்போதுதான் உங்களிடம் சொல்கிறேன்.

நீலத் தாள்

குருத்தோலை ஞாயிறுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. எனக்கு ஒரு யோசனை. சிறுவயதிலிருந்து நைனா பாடிப் பாடி எனக்குப் பூசை முழுவதும் காதில் ஏறியிருந்தது. பஞ்சு உருளையைச் சுற்றி வரும் நீலத் தாளில் பதில்களையெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதி மிக்கேலிடம் கொடுத்தேன். அவன் மூன்றாம் வகுப்புவரை படித்தவன். எழுத்துக் கூட்டிப் படிப்பான்.

மறுநாள் வந்து ஒப்பித்தான். 'மிசெரேரே நோபிஸ்' என்பது அவன் வாயில் 'மீசைக்காரரே நோபிஸ்' ஆகியிருந்தது.

"பேஜாரா கீது மே. தோணியில குந்திக்கினு சொல்லிப் பாக்கறேன், நண்டெல்லாம் கூடையவுட்டு எழுந்து ஓடுது."

ஐந்தாம் நாள் அவன் தாளை மடித்து என்னிடமே நீட்டினான்.

"வாணாம் பிலோமினா. உங்க நைனாவ ஏமாத்தி உன்ன கட்டிக்கினா, அப்பால ஆயுசுக்கும் நான் லத்தீன் பேசிக்கினே இருக்கணும். நெசத்த சொல்லிட்றேன்."

"சொன்னா குடுக்க மாட்டாரு. ஊரெல்லாம் வேற சொல்லி வச்சிட்டாரு. மானம் பூடுச்சின்னு மறுபடியும் ஆர்மோனியக்காரரத்தான் கூப்புடுவாரு."

"அதுக்காவ?"

எனக்கு அழுகை வந்தது. அவன்மேல் கோபமும் வந்தது. நிஜம் சொல்கிறவனைப் போய்க் கில்லாடி என்றாரே சிஸ்டர் என்று நினைத்தேன்.

அவன் சைக்கிளைத் திருப்பிவிட்டு நின்றான். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிக் குடு. அந்த மீசைக்காரரு. அதுக்கு இன்னா அர்த்தம்?"

எனக்குத் தெரியாது. சிஸ்டரைக் கேட்டுவந்து சொன்னேன். அவன் தலையாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அந்த வாரம் நைனாவும் சரியில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவார். விடியற்காலையில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, பாடாமல், வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார். மகளைப் பிரியப்போகிற கவலை என்று நினைத்து எனக்கு அவர்மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது.

குருத்தோலை ஞாயிறு

பூசை முடிந்து, கையில் குருத்தோலையோடு மிக்கேல் வந்தான். யாரிடமோ இரவல் வாங்கிய சட்டை. கஞ்சி போட்டு விறைத்திருந்தது. நைனா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு. அம்மா சுவரோரம் நின்றாள். நான் உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நைனா தொண்டையைச் செருமினார். நெற்றியில் வியர்த்திருந்தது. பூசையில் சாமியார் ஜனங்களைப் பார்த்துச் சொல்வாரே, அதைச் சொன்னார். "தோமினுஸ் வோபீஸ்கும்."

மிக்கேல் எழுந்து நின்றான்.

"மாமா..."

"இன்னாது, இப்பவே மாமாவா? மொதல்ல பதில் சொல்லு."

"எனக்கு லத்தீன் தெரியாது மாமா."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். மிக்கேல் நிறுத்தவில்லை.

"சிஸ்டர் ஊர்ல கில்லாடிப் பையன அப்டி சொல்றது வழக்கமாம். நான் வெத்து நண்டு குட்த்து மாட்டிக்கினேன், வாயால தப்பிச்சேன். அதுக்கு சொன்னாங்க. பிலோமினா பாஷைன்னு நெனச்சிக்கிச்சி. அதுமேல தப்பு இல்ல."

நைனா நோட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"ஒரே ஒரு வார்த்தை மட்டும் கத்துக்கினு வந்தேன் மாமா. சொல்லிட்டுப் போய்ட்றேன்." அவன் மூச்சை இழுத்து, தப்பில்லாமல் சொன்னான். "மிசெரேரே நோபிஸ்."

"அது நான் வாராவாரம் பாடறதுதானே" என்றார் நைனா.

"அர்த்தத்தோட கத்துக்கினேன். எங்கமேல எரக்கம் வையின்னு அர்த்தம். எம்மேலன்னு இல்ல மாமா." கதவுப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தான். "எங்க மேல."

எங்கேயோ துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது.

"நோபிஸ்னா எங்களா?" என்றார் நைனா.

"ஆமா மாமா. சிஸ்டர் சொன்னாங்க."

நைனா நோட்டைத் திறந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"முப்பது வருசமா பாடறேன். நோபிஸ்ங்கறது நாம கும்புட்ற யாரோ ஒரு அர்ச்சிஷ்டவரு பேருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. நைனா மிக்கேலைப் பார்த்தார், முதல்முறையாக ஒரு சிநேகிதனைப் பார்ப்பதுபோல.

"எனக்கும் தெரியாதுப்பா. ஒரு சொல்லுகூடத் தெரியாது. லத்தீன் தெரிஞ்சவன் வர்றான், எதுனா கேட்டுட்டா இன்னா பண்றதுன்னு ஒரு வாரமா எனக்கு சோறு எறங்கல."

அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. மிக்கேலும் சிரித்தான். நான் கதவைப் பிடித்தபடியே அழுதுகொண்டிருந்தேன், சந்தோஷத்தில்தான்.

"குந்து மாப்ள" என்றார் நைனா.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு கோயிலில் எங்கள் பேருக்குக் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள். எண்ணூர் மிக்கேல், ராயபுரம் பிலோமினா. பெண்கள் பக்கம் அம்மாவோடு முட்டிபோட்டிருந்தேன். மேல்மாடத்தில் துணி எடுத்த ஆர்மோனியம் இருமல் இல்லாமல் வாசித்தது. மிசெரேரே வந்தது. அடுத்த சொல்லுக்கு வந்ததும் நைனாவின் குரல் நின்றுபோனது. மற்றவர்கள்தான் அதை முடித்தார்கள்.

பூசை முடிந்து படியிறங்கி வந்தவர் யாரையும் பார்க்காமல் நேராக அம்மாவிடம் போனார்.

"நடுவுல நின்னுபோச்சி. 'எங்க மேல'ன்னு நான் மனசுக்குள்ள கேட்டது உனுக்கு கேட்டுச்சா?"

"கேட்டுச்சி" என்றாள் அம்மா.